எட்டாவது இதழ்

“கையை ஆட்டாதேயும், மாப்பிள” என்று சொல்லி, உருப்பெருக்கிக் கண்ணாடியை ரிச்சர்டின் முன்கைமேல் பிடித்தார் வேதநாயகம். நெடுநேரம் உற்றுப் பார்த்தபின், நாட்பட்ட நோயைக் கண்டறிந்த மருத்துவரைப்போல் உதட்டைப் பிதுக்கினார். “நான் பயந்த மாதிரியே ஆச்சு. எட்டாவது இதழ்ல ஓட்டை இருக்கு.”

அது மருத்துவமனை அன்று. வண்ணார்பேட்டையில் மகேஸ்வரன் நடத்தும் பச்சை குத்தும் கடை. வேதநாயகமும் மருத்துவர் அல்லர். கிறிஸ்தவ சபையொன்றின் கமிட்டி உறுப்பினர். அவர் கண்ட நோய், தம் மகள் கரோலினை மணக்கவிருக்கும் ரிச்சர்ட் ஆறு மாதங்களுக்கு முன் அக்கடையில் குத்திக்கொண்ட மண்டல வடிவம்: நடுவே ஒரு புள்ளி, சுற்றிலும் வட்டங்கள், அவற்றைச் சூழ்ந்து எட்டு இதழ்கள்.

திருமண அறிவிப்பாகிய ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறுகள் வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலை வரும் ஞாயிறன்று. ‘ஆட்சேபம் உள்ளவர் சொல்லலாம்’ என்று குருவானவர் கேட்டதும், பெண்ணின் தகப்பனே எழுந்து நின்று திருமணத்தை நிறுத்துவது எனத் தீர்மானித்திருந்தார். அதற்குச் சான்று திரட்டவே ரிச்சர்டை இங்கே இழுத்து வந்திருந்தார். சாட்சிக்கு மனைவி ஜெபகனியம்மாள்.

அவ்வம்மையார் சுவரோரம் அமர்ந்து, ரிச்சர்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் ஓசையின்றி அசைந்தன. ஆள்காட்டி விரல் மடியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. பையனின் ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறாள் என்று வேதநாயகம் மனநிறைவு கொண்டார்.

“சொல்லும் வே, இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?”

மகேஸ்வரனுக்கு இக்கேள்வி பழக்கமானது. “மண்டலம்னா பிரபஞ்சம், அண்ணாச்சி. நடுப்புள்ளி ஆதி. வட்டத்துக்கு முடிவே கிடையாது. எட்டு இதழும் எட்டுத் திசை.”

“அந்த ஓட்டை?”

“அது மனுசனோட குறை. குறையில்லாதவன் யாரு இருக்கா?”

இதே ஓட்டையைத் தச்சநல்லூர்ச் சிவனடியார் ஒருவருக்கு நெற்றிக்கண் என்றும், களக்காட்டு உடற்பயிற்சிக்கூட உரிமையாளருக்கு ஆற்றல் பாயும் வாயில் என்றும் அவர் விளக்கியிருந்தார். இருவரும் மறுவாரமே தத்தம் மைத்துனர்களையும் அழைத்து வந்தனர்.

வேதநாயகம் பையிலிருந்து பதினொரு தாள்களை எடுத்தார். எல்லாம் இணையத்தில் தேடி அச்செடுத்தவை. வரிக்கு வரி சிவப்பு மையால் அடிக்கோடு இடப்பட்டவை. “குறையாம் குறை. இதுல என்ன போட்டிருக்கு தெரியுமா? இது திபெத்து மந்திரவாதி வேலை. அசுத்த ஆவி வந்து போகத்தான் ஒரு இதழை மட்டும் திறந்து வைக்காவளாம்.”

“ஆறு மாசத்துல ஒரு ஆவியும் வரல, மாமா” என்றான் ரிச்சர்ட்.

“சொல்லிக்கிட்டா வரும்? போன வாரம் பிரசங்கத்துல மூணு கொட்டாவி விட்டீரே, அது யாரு விட்டது?”

“கரோலின் ரெண்டு நாளாச் சாப்பிடல, மாமா.”

“அதுக்கும் இந்த ஓட்டைதான் காரணம்.” வேதநாயகம் கடைக்காரர் பக்கம் திரும்பினார். “உண்மையச் சொல்லிரும், வே. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை இந்தத் தாளோட எந்திச்சு நிப்பேன். உம்ம கடை பேரும் கோயில்ல வரும்.”

மகேஸ்வரன் ரிச்சர்டைப் பார்த்தார். அவர் கையிலிருந்த ஊசிப் பொறியைக் கீழே வைத்தார்.

“என்னால ஒரு கலியாணம் நிக்க வேண்டாம், அண்ணாச்சி. இதுல திபெத்தும் இல்ல, ஆவியும் இல்ல. போன வருசம் உங்க கோயில் அறுப்புப் பண்டிகையில சபைக்காரங்க கொடுத்த சாமானை ஏலம் விட்டப்போ, மை துடைக்கதுக்குப் பழந்துணி மூட்டை ஒண்ணு எடுத்தேன். அதுல ஊசியால பின்னுன லேஸ் துணி ஒண்ணு கிடந்துச்சு. வடிவா இருக்கேன்னு தாளை வச்சு அப்படியே வரைஞ்சுக்கிட்டேன். ஓட்டையோட.”

ஆறு மாதங்களாகத் தான் சுமந்த பிரபஞ்சத்தை ரிச்சர்ட் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான். “அப்போ மனுசனோட குறை?”

மகேஸ்வரன் மின்விசிறியைப் பார்த்தார்.

வேறொருவராயிருந்தால் இந்த இடத்தில் சிரித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்திருப்பார். வேதநாயகமோ பதினொரு தாள்கள் படித்தவர்.

“அப்போ விசயம் இன்னும் மோசம். நம்ம சபைக்குள்ளயே ஆள் இருக்கு. வேணும்னே அளவெடுத்து, எட்டாவது இதழ்ல ஓட்டை போட்டு, அதைக் கோயில் ஏலத்துக்கே அனுப்பியிருக்கான். அவன் யாருன்னு கண்டுபிடிச்சுக் கமிட்டி முன்னால நிறுத்தணும். அதுவரைக்கும் ஓலையும் கிடையாது, கலியாணமும் கிடையாது.”

ஜெபகனியம்மாளின் உதடுகள் நின்றன. விரலும் நின்றது.

“ரெண்டு தடவை எண்ணிட்டேன், கரோலின் அப்பா. பின்னல் கண்ணி சரியா இருக்கு. நான் பின்னுன டீப்பாய்த் துணிதான் இது” என்றார்.

வேதநாயகம் திரும்பிப் பார்த்தார்.

“ஏலத்துக்குப் போட்டது நான். அதுமேல வச்சுச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, பொசுக்கி ஓட்டை போட்டது நீங்க.”