கருங்காலி எழுதிய லெனோரா

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்து மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக வந்து தொலைக்காட்சியின் பாதி முகத்தில் விழுகிறது. தொடரில் லெனோரா செத்துப்போன கணவனின் படத்தைத் துடைக்கிறாள். அதே நீல அங்கி, மோதிரத்தைத் திருகும் அதே பழக்கம். "என் அன்பு பீட்டர்," என்கிறாள். டோரீன் வாய்க்குக் கொண்டுபோன காப்பிக் கோப்பை அந்தரத்தில் நிற்கிறது. "பீட்டரா? இத்தனை வருஷமா 'பீட்'னுதானேடி கூப்பிட்டா?" "எழுதறவங்கதான் வேலைநிறுத்தத்துல இருக்காங்களே அண்ணி. இது எவனோ கருங்காலி எழுதினது," என்கிறாள் நாத்தனார் வில்மா. இருவரும் ஒரு காலத்தில் கார்த் தொழிற்சாலை வாசலில் கொட்டும் பனியில் மறியல் செய்தவர்கள். "அணைச்சிடுங்க. இதைப் பார்க்கிறதும் மறியலைத் தாண்டி உள்ள போறதும் ஒண்ணுதான்." டோரீன் அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் நிறுத்துகிறாள். லெனோராவின் உதடுகள் ஓசையின்றி அசைகின்றன. கண்கள் பழைய கண்கள்தான். உள்ளே வேறு யாரோ குடியேறியிருக்கிறார்கள். டோரீன் மெல்ல, அந்த உதடுகளுக்கு வசனம் கொடுப்பதுபோல, லெனோராவின் குரலிலேயே, "குளிருது பீட்," என்கிறாள். "அட, நீங்களும் கருங்காலி ஆயிட்டீங்களா?" வில்மா சிரிக்கிறாள். திரையில் உதடுகள் நின்றுவிடுகின்றன. வில்மாவின் சிரிப்பும் நிற்கிறது. லெனோரா தலையைத் திருப்பி இந்த அறையைப் பார்க்கிறாள், அடுத்த வரிக்குக் காத்திருப்பவளைப் போல.