பந்துச் சத்தம்

"சும்மா சொல்லக் கூடாது, நல்ல பேய். இதுவரைக்கும் யாரையும் ஒண்ணும் பண்ணதில்ல" என்றாள் மாடிவீட்டம்மா.

கூடத்தில் அப்போது இருந்தவர்கள்: வீட்டு புரோக்கர், பிளம்பர், வாடகைக்கு வீடு பார்க்க வந்த பெண், யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்த மாடிவீட்டம்மா. ஐந்தாவதாக ஒருவன் இருக்கிறான் என்பதுதான் அந்த வீட்டின் பிரச்சினை.

புரோக்கர் பல்லைக் கடித்தான். வீடு அவன் மச்சானுடையது. இவன் பேச்சைக் கேட்டு வாங்கியது. வந்த குடித்தனம் ஒவ்வொன்றும் சாமானைப் பிரித்த சூட்டோடு மறுபடியும் கட்டிக்கொண்டு ஓடியது. இந்தத் தடவையும் ஆள் நிற்காவிட்டால் நீயே குடிவந்து, பேய் இல்லை என்று ஊருக்குக் காட்டு என்று மச்சான் சொல்லிவிட்டான். மனைவியும் அண்ணன் பக்கம். புரோக்கருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வந்ததிலிருந்து கதவை ஒட்டியேதான் நின்றான்.

வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கூடத்துக்கும் பின்னறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் நின்று, சுவரில் இடுப்பு உயரத்தில் கையை வைத்துத் தடவினாள். ஓதம் இருக்கிறதா என்று பார்க்கிறாள்போல என்று நினைத்து, புதிதாக இரண்டு கோட் பெயிண்ட் அடித்திருக்கிறது என்றான் புரோக்கர். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பிறகு மாடிவீட்டம்மாவிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். சத்தம் எந்த அறையில் கேட்கும், மழை நாளிலும் உண்டா, சிரிப்பு ஏதாவது கேட்குமா என்றெல்லாம். ஒவ்வொரு கேள்விக்கும் புரோக்கர் மாடிவீட்டம்மாவை முறைத்தான். போயிற்று, இதுவும் போயிற்று.

மாடிவீட்டம்மாவுக்குக் கேட்கவா வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், தான் பாத்திரம் கழுவும்போது தினமும் கேட்கும் என்றாள். டப், டப், டப் என்று பந்து தட்டுகிற சத்தம்.

"ஆறு வயசுப் பையன். வீட்டுக்குள்ளயேதான் விளையாடுவானாம். அன்னைக்குப் பார்த்து அம்மாக்காரி தெருக்கதவைப் பூட்ட மறந்துட்டா. பந்து வெளிய உருண்டிருக்கு, பின்னாடியே இவனும் ஓடியிருக்கான். லாரிக்காரன் என்ன பண்ணுவான்?"

"அந்த அம்மா என்ன ஆனாங்க?"

"அவளும் அதே ஏக்கத்துல போய்ச் சேர்ந்துட்டாளாம். நான் குடிவந்தது அதுக்கப்புறம். யாரையும் பார்த்ததில்ல, கேள்விப்பட்டதுதான்."

அந்தப் பெண் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இதற்கு மேல் புரோக்கரால் பொறுக்க முடியவில்லை. பிளம்பரை அழைத்து வந்திருந்ததே இதற்காகத்தான். மாடிவீட்டம்மாவை மேலே போய்ச் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்து, சட்டென்று மூடச் சொன்னான். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

மேலே குழாய் மூடிய நொடியில் கீழே சுவரோரமாகக் கேட்டது. டப். டப். டப், டப். கடைசியில் பந்து சோர்ந்து நிற்பதைப் போலவே நின்றது.

புரோக்கர் ஒரு கால் வெளியே வைத்துவிட்டான். பிளம்பர் மூலையில் குந்தி, சுவரோடு இறங்கிய பைப்பைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். பிடிப்பு கழன்றிருந்தது. தண்ணீர் திடீரென்று நின்றால் பைப் துள்ளிச் சுவரில் மோதும், அவ்வளவுதான் என்றான். இன்னொரு முறை திறந்து மூடச் சொன்னான். இந்த முறை பைப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். சத்தம் வரவில்லை.

மாடிவீட்டம்மா வாசலுக்கு வெளியே மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். "அப்போ இத்தனை வருஷமா பேய் நான்தானா?"

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றான் புரோக்கர். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதல்முறையாகக் கூடத்தின் நடுவுக்கு வந்து நின்றான். "பார்த்தீங்களாம்மா? ஒரு கிளாம்ப் போட்டா பேய் காலி. இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்."

அந்தப் பெண் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் அசையாமல் நின்றாள்.

பிளம்பர் பையிலிருந்து கிளாம்ப்பை எடுத்தான்.

"வேண்டாம்" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."

"பைப்தாம்மா அது. இப்பதானே காட்டினேன்?"

"பார்த்தேன். கை வைக்காதீங்க."

வீட்டை எடுத்துக்கொள்வதாகவும், இன்றைக்கே, இப்போதே இருக்கப்போவதாகவும் சொல்லிச் சாவிக்குக் கையை நீட்டினாள். சாமான் எப்போது வரும் என்று புரோக்கர் கேட்டபோதும் நீட்டிய கையை மடக்கவில்லை. சாவியைக் கொடுத்த கையோடு அவன் வெளியேறினான். மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டும்.

அவள் படியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் அம்மா சாகலைங்க. இங்க சத்தம் கேக்குதுன்னு அவளுக்கு இத்தனை நாள் யாரும் சொல்லல."

மாடிவீட்டம்மா கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"திறந்து போடாதீங்க, தெருவுக்கு ஓடிடுவான்" என்று சொல்லி, அந்தப் பெண் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினாள்.