இரண்டு அடி, ஒரு தள்ளு

முதுகில் அடுத்தடுத்து இரண்டு அடி விழுந்தது. மூச்சு திரும்புவதற்குள் தோளில் ஒரு தள்ளு. நீதிபதியின் மேசை விளிம்பில் மோதி அவள் உதடு கிழிந்தது.

மனுவின் முதல் பக்கத்தில், 'மனுதாரர்: மனைவி' என்ற வரியின்மேல் ரத்தம் சொட்டியது.

அடித்தவர் அவளுடைய கணவர். ஐந்து மாதங்களுக்கு முன் மாடிப்படியில் உருண்டு மண்டை உடைந்ததோடு பேச்சும் நினைவும் போய்விட்டன. பெயரைக் கேட்டால் விழிப்பார். கை மட்டும் பழைய கை: இருபத்தாறு ஆண்டுகள் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைத்த கை.

கால் வழுக்கிவிட்டது என்று சொன்னவன் அவருடைய தம்பி; பார்த்தவனும் அவன் ஒருவன்தான்.

இனி அவருக்குப் பாதுகாவலர் யார்? மனைவியும் கேட்கிறாள், தம்பியும் கேட்கிறான். அவரை நேரில் பார்த்த பிறகே முடிவு என்று நீதிபதி மூவரையும் தம் அறைக்கு வரவழைத்திருந்தார். தம்பி கடைசியாக வந்தான். அவன் கதவைச் சாத்தித் திரும்பிய மறுகணம்தான் அடி விழுந்தது.

காவலர்கள் இருவர் பாய்ந்தார்கள். ஒருவருடைய மூக்கை அவர் முழங்கையால் உடைத்தார். மற்றவரை நாற்காலியோடு சேர்த்துக் கவிழ்த்தார்.

தம்பி நிதானமாக வந்து அவர் தோளில் கை வைத்தான். அவர் கல்லாய் நின்றார்.

"பாத்தீங்களா ஐயா, நான் தொட்டா பெட்டிப்பாம்பு. அண்ணி பக்கத்துல இருந்தா இந்தக் கதி. இன்னைக்கு உதடு, நாளைக்குப் பொணம்தான் விழும். காப்பகத்துல வெச்சுப் பூட்டிடறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

நீதிபதி பேனாவைத் திறந்தார். சட்டம் அந்த மனிதரின் விருப்பத்தையும் கேட்கச் சொல்கிறது. பேச முடியாதவரின் விருப்பத்தை நடத்தையிலிருந்துதான் படித்தறிய வேண்டும். நடத்தையோ மேசைமேல் ஈரமாகக் கிடந்தது.

"வீட்டுலயும் அடிப்பாராம்மா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் வீடு திரும்பலாம். அவளுக்குப் பொய் வரவில்லை.

"ரெண்டு தடவ, ஐயா. போன மாசம் ஒண்ணு, இந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணு. வாசல் வரைக்கும் அடிச்சு அடிச்சுத் தள்ளி..."

அங்கேயே அவள் நாக்கு நின்றது. அந்த இரண்டு நாளும் கொழுந்தன் வீட்டுக்கு வந்திருந்தான்.

கல்யாணமான புதிதில், குக்கர் விசில் அடைத்துக்கொண்ட ஒரு நாள், அவர் இப்படித்தான் அடித்தார். இரண்டு அடி, ஒரு தள்ளு. அடுக்களையிலிருந்து கூடத்தில் போய் விழுந்தவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டே விளக்கினார்: துளையிடும் இயந்திரத்தின் இரைச்சலில் குவாரியில் காது கேட்காது. திரியில் நெருப்பு வைத்ததும், பக்கத்தில் இருப்பவன் முதுகில் இரண்டு போட்டுத் தள்ளிவிட வேண்டும். ஓடு என்று அர்த்தம். அடித்தவன் மட்டும் ஓட மாட்டான். எல்லாரும் தப்பும் வரை திரியைப் பார்த்தபடி நிற்பான்.

அவள் கணவரைப் பார்த்தாள்.

அவர் அவளுக்கு முதுகு காட்டி நின்றார். இமைக்காத கண்கள் தம்பியின் முகத்தில் இருந்தன.

"ஐயா, எழுதாதீங்க," என்றாள்.

தம்பியின் கை அண்ணனின் தோளிலிருந்து இறங்கியது. அந்தக் கணத்தில் அவர் திரும்பினார். அவள் முதுகில் இரண்டு அடி, எலும்பு அதிர. கதவை நோக்கி ஒரு தள்ளு.

இம்முறை அவள் ஓடவில்லை. வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவளும் திரியைப் பார்த்தாள்.