ஏரித்தெரு நாயின் பூர்வீகம்

ஏரித்தெரு நாய் சடையனுக்குத் தன் பூர்வீகத்தில் அப்படியொரு பெருமை. ஒருநாள், வீட்டுச் சாமான் லாரியிலிருந்து இறங்கிய புது நாயை அது வழிமறித்தது.

"இது எங்க பரம்பரைத் தெரு. நூலகச் சுவர்ல பழைய போட்டோவெல்லாம் மாட்டியிருக்காங்க. சந்தேகம்னா வந்து பாரு!"

இரண்டும் போய்ப் பார்த்தன. மிகப் பழைய படத்தில் தெருவே இல்லை. சாமான் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ஏரிக்கரையில் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால், நாக்கைத் தொங்கவிட்டபடி ஒரு சடைநாய்.

"இவருதான் உங்க பாட்டனாரா?" என்று கேட்டது புது நாய்.

சடையன் படத்து நாயையும் புது நாயையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு நெஞ்சை நிமிர்த்தியது.

"ஆமா, எங்க ஆளுதான். எவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்காரு பாரு! நீயும் களைச்சிருப்பே. வா, தண்ணி இருக்கிற இடத்தைக் காட்டுறேன்."