இருபத்துமூன்றாம் எண்ணின் பதிவு

தேர்வுக் குழுவினர் மூன்று பேரும் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்காருவதற்குள், சமூக அறிவியல் சார் தன் வருகைப் பதிவேட்டில் மேலிருந்து கீழே சரசரவென்று முப்பத்தாறு டிக்குகளையும் போட்டு முடித்திருந்தார்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, தலையை நிமிர்த்திப் பார்த்து டிக் போடுவதெல்லாம் நேற்று வேலைக்கு வந்தவர்கள் செய்கிற காரியம். இருபத்தேழு வருஷ அனுபவத்தில் அவர் தெரிந்துகொண்டது ஒன்றுதான். இதுகள் வந்தாலும் வராவிட்டாலும் பாடம் அதே பாடம்தான்.

புரொஜெக்டர் வெளிச்சத்தில் எட்டாம் வகுப்பின் வலைப்பூ சுவரில் விரிந்தது.

குரங்கு கையில் பூமாலை என்று அதைப் பற்றி ஆசிரியர் அறையில் அவர் சொல்லாத நாளில்லை. பிள்ளைகள் பதிவு எழுதுமாம். ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்குமாம். பின்னூட்டம் போட்டுப் போட்டே அறிவு வளருமாம்.

முப்பத்தைந்து பதிவுகளையும் தலையெழுத்தே என்று படித்திருந்தார். எல்லாம் நாய்க்குட்டி, அத்தை வீடு, ஜுரம் வந்த கதை. கீழே ‘சூப்பர்’ நாலு, ‘செம’ மூன்று. இதற்குப் பெயர் பங்கேற்புக் கல்வி.

ஆனாலும் இன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் போட்டு வந்திருந்தார். வலைப்பூவைப் பார்க்க வரும் குழு நாலு நல்ல வார்த்தை சொன்னால் துணைத் தலைமையாசிரியர் நாற்காலி அவருக்குத்தான் என்று தலைமையாசிரியை வாய்விட்டே சொல்லியிருந்தார்.

ஒரே நிபந்தனை, ஒரு பிள்ளை விடாமல் எல்லோரும் எழுதியிருக்க வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்பு பார்த்தபோது இருபத்துமூன்றாம் எண்ணில் மட்டும் ஒன்றுமே இல்லை. பாதுகாப்புக்காக வலைப்பூவில் பிள்ளைகளின் பெயர் கிடையாது, பதிவேட்டு எண் மட்டும்தான். அது அவருக்கு வசதியாகப் போயிற்று. பெயர்கள் எந்தக் காலத்திலும் அவர் மனதில் நின்றதில்லை.

எந்தச் சோம்பேறி அது என்று கூப்பிட்டுக் கேட்டால் ஆயிரம் சாக்கு வரும். எல்லோருடைய பாஸ்வேர்டும் அவரிடம் இருந்தது. பத்தே நிமிஷத்தில் தானே எழுதிப் போட்டுவிட்டார்.

‘எங்கள் வீடு ஆற்றங்கரையில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் சிவப்புப் பாலம் தெரியும். தினமும் சாயங்காலம் பாலத்தில் நின்று படகு பார்ப்பேன்.’

ஆறும் பாலமும் எதிரே தொங்கிய காலண்டரில் இருந்தவை. அதற்கு மேல் அவர் மெனக்கெடவில்லை.

மறுநாளே பன்னிரண்டு பின்னூட்டம். அந்த வாரக் கடைசியில் நாற்பது. இன்று காலையில் அறுபத்தொன்று. எண்ணிக்கையைப் பார்த்ததோடு சரி, ஒன்றையும் திறந்து படிக்கவில்லை. எழுதுகிறவன் எழுதினால் கழுதைக்கும் கற்பூர வாசனை தெரியும் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தார்.

“மத்ததுக்கெல்லாம் ஆறு, ஏழுதான் இருக்கு. இதுக்கு மட்டும் அறுபத்தொண்ணா? யாரு எழுதினது? எழுந்திரு கண்ணு, பாக்கலாம்.”

சாருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. குனிந்த தலையோடு அதட்டினார். “இருபத்துமூணு! எழுந்திருன்னா காது கேக்கல?”

யாரும் எழுந்திருக்கவில்லை. வகுப்பு மொத்தமும் ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது. “அவ நாலு மாசமா வர்றதில்ல சார். யார்கிட்டயும் சொல்லாம வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க.”

அதற்குள் தலைவி பின்னூட்டங்களைத் திறந்திருந்தார்.

‘நீதானா? நிஜமாவே நீதானா?’

‘ஏன்டி ஒரு வார்த்தை சொல்லாம போன?’

‘உன் இடத்துல யாரையும் உக்கார விடல.’

‘அந்தப் பாலம் எந்த ஊருல இருக்கு?’

‘பதில் போடுடி. ஒரே ஒரு வரி போடு.’

பாதிக்கு மேல் இருபத்துநாலாம் எண் எழுதியது.

இஸ்திரி போட்ட சட்டை சாரின் முதுகில் ஒட்டிக்கொண்டது. நாற்காலி கைநழுவிப் போனது அவருக்குப் புரிந்துவிட்டது. அப்போதும் அவருக்குக் கோபம் வந்தது அந்த இருபத்துமூன்றின் மேல்தான். போகிற சனியன் முறையாக டி.சி. வாங்கிக்கொண்டு போயிருந்தால் பெயரை அடித்திருக்கலாம், இந்த மானக்கேடு வந்திருக்காது.

தலைவி கடைசிப் பின்னூட்டத்துக்கு வந்தார். இன்று காலை ஆறு நாற்பதுக்குப் போட்டது. அதை மட்டும் வாய்விட்டுப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“சிவப்புப் பாலம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன்டி. அஞ்சு மணி நேரம் ஆகுமாம். ஸ்கூலுக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு ஏழு மணி பஸ்ல வர்றேன். சாயங்காலம் நீ படகு பாக்க வருவேல்ல? நீ வர்ற வரைக்கும் பாலத்துலயே நிக்கிறேன்.”

தலைவி திரும்பி சாரைப் பார்த்தார். “இருபத்துநாலு எங்க?”

சார் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சு இரண்டு பேர் உட்காருகிற பெஞ்சு. அதில் ஒருவரும் இல்லை.

மேசைமேல் திறந்து கிடந்த பதிவேட்டில் அன்றைக்கு முப்பத்தாறு பேரும் வந்திருந்தார்கள்.