எட்டுவரை தாங்கும்

அஸ்தினாபுரத்து வீட்டு வாசலில் நின்ற பிளாட்ஹெட் என்ற பழங்கால வகை என்ஜின் கொண்ட காருக்கு மெக்கானிக் சாலமன் டர்போ பொருத்தினார். என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி அது. ஆக்சிலரேட்டரை மிதித்தார். காற்றழுத்த முள் ஐந்துக்கு ஏறியது. வாசல் நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர் யக்ஞநாராயணனின் ஆஸ்துமா இழுப்புச் சத்தம் நின்றது. சாலமன் காலை எடுத்ததும் பெரியவருக்கு மூச்சு திரும்பியது. மூன்று முறையும் அப்படித்தான்.

“பெரியவருக்கு மூச்சு நின்னுபூடுது சார். வேணாம், கயட்டிடலாம்.”

மகன் ஷ்யாம்சுந்தர் அப்பாவைப் பார்த்தான். இருபது வருஷமாக இந்தக் கார் சாவியை அவனைத் தொடவிடாத அப்பா.

“நீங்க எறங்குங்க, சாலமன். என்ஜின் எட்டு வரைக்கும் தாங்கும்னுதானே சொன்னீங்க?”

சீட்டில் உட்கார்ந்து மிதித்தான். முள் எட்டைத் தொட்டபோது அப்பா கையை உயர்த்தி ஆட்டினார்.

காலை எடுக்காமல், அவனும் டாட்டா காட்டினான்.