ஐம்பத்தெட்டு கிலோ

“யாருங்க அந்த ஐம்பத்தெட்டு கிலோ? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!”

“கத்தாத. ஞாயித்துக்கிழமை உனக்கே தெரியும்.”

“ஓஹோ, அன்னிக்கே கூட்டிட்டு வர ஏற்பாடா? நான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கும்போதேயா?”

கார் இல்லாத அந்தக் கார் ஷெட்டில், ஸ்டாண்டில் மாட்டியிருந்த பழைய மலைச் சைக்கிளுக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் கணவர். அவர் கையில் சின்ன பம்ப். அவள் காலடியில் கட்டிவைத்த பெட்டி.

தெருவில் அவருக்குப் பெயர் சஸ்பென்ஷன் சார். பாவம், வேலையில் ஏதோ கோளாறு போல என்று புதிதாகக் குடிவருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்து அமுங்கி எழும் அந்தக் காலத்துச் சைக்கிள் ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கிவந்து, ஒரு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தார். துருவைச் சுரண்டினார், பெயின்ட் அடித்தார், பேரிங் மாற்றினார், முன் ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகாமல் சீல் போட்டார். மனைவிக்கு அந்தச் சைக்கிளின் நிழல்கூட ஆகாது. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் அவர் செயினைக் காயப்போட்ட அன்றுகூட வாயைத் திறக்கவில்லை என்பது அவள் கட்சி. நாலு வீட்டுக்குக் கேட்டது என்பது நாலு வீட்டுக்காரர்களின் கட்சி.

இன்று காலை அவர் உதிரிபாகக் கடைக்காரரிடம் போனில் பேசியதுதான் வினை.

“பின்னாடி ஷாக்ல காத்து எவ்ளோ வைக்கணும்? ஓட்டப் போறவங்க எடையா? ஐம்பத்தெட்டு. ஆமா, லேடீஸ்தான்.”

ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்தபடி காற்று வைத்தால்தான் அந்த ஷாக் ஒழுங்காக அமுங்கி எழுமாம். சாரோ தொண்ணூறு கிலோ. இதற்கு மேல் சாட்சி எதற்கு? அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் வந்தார். யாரும் கூப்பிடாமலே தெருவும் வந்தது.

“மாப்ள, பேரை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார் அண்ணன்.

“சொல்ல மாட்டேன் மச்சான். சொன்னா எல்லாம் கெட்டுடும்.”

“இன்னும் கெடறதுக்கு என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?”

அதற்குள் மருந்துக்கடை அக்கா கடையிலிருந்த எடை மெஷினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உண்மை வெளிவர வேண்டும் என்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

“ஒவ்வொருத்தியா ஏறுங்கடி. யாருன்னு தெரிஞ்சிடும்.”

எல்லார் கண்ணும் எதிர்வீட்டு நீச்சல் டீச்சர் மேல் திரும்பியது. டீச்சர் ஏறினாள். ஐம்பத்தொன்று. குற்றம் நீங்கி அவள் இறங்கிய மிடுக்கைப் பார்த்து மற்றவர்கள் வயிறு எரிந்தது.

அடுத்து தையல்காரி. செருப்பைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அறுபத்துமூன்று.

“மெஷின் தப்பா காட்டுது. நான் ஐம்பத்தெட்டுதான்!”

“அப்ப நீதானாடி அது?”

“நான்தான்னே வச்சுக்கோங்களேன்!”

வாசலில் நின்ற அவள் வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏய், என்னடி உளர்ற?”

“நீங்க சும்மா இருங்க. இங்க எடையைப் பத்திப் பேசிட்டிருக்கோம்.”

“போன வருஷம் நானும் ஐம்பத்தெட்டுதான்” என்று மருந்துக்கடை அக்காவும் தன் பங்குக்குச் சொல்லிவைத்தாள்.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. பெட்டியைத் தூக்கினார். “வாம்மா. இனிமே இந்த வாசப்படியை மிதிக்கவே கூடாது.”

கோபத்தில் கட்டிய பெட்டி அது. அண்ணன் நிஜமாகவே தூக்குவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அழுகை முட்ட, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட் வரை போனாள்.

சார் பம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவள் காதருகே குனிந்து ஏதோ குசுகுசுத்தார்.

அவள் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“யாராம்? யாராம்?”

“யாரோ வெளியூர்க்காரி. உங்களுக்கெல்லாம் தெரியாது” என்றாள் அவள். “முடிஞ்சுபோன கதை. நான் மன்னிச்சுட்டேன். அண்ணே, பெட்டியை உள்ள வை.”

“மன்னிச்சிட்டியா? இந்த ஆளையா?”

“ஐயையோ, அப்படி யாரும்...” என்று சார் ஆரம்பித்தார்.

“நீங்க வாயே திறக்கக் கூடாது!” அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

இப்படியும் ஒரு பெரிய மனசா என்று தெரு வாய்பிளந்தது. ஆண்கள் சாரைத் தனியாக ஓரங்கட்டி, எப்படிப் பிடித்தீர்கள் என்று யோசனை கேட்டார்கள். “சத்தியமா எனக்கு யாரையும் தெரியாதுங்க” என்று அவர் அழாக்குறையாகச் சொல்லச் சொல்ல, கைதேர்ந்த ஆசாமி என்று மரியாதை கூடியது. நாளடைவில் நீச்சல் டீச்சர் மருந்துக்கடை அக்காவின் தம்பியைக் கல்யாணம் செய்துகொண்டாள். தையல்காரியை அவள் வீட்டுக்காரர் வேறு ஊருக்கே கூட்டிப்போய்விட்டார். கடைசியில் சாரும் மனைவியும்கூட வீட்டைக் காலி செய்தார்கள். லாரியின் உச்சியில், ஒருவரும் ஏறாத அந்தச் சைக்கிள் பளபளவென்று போனது.

அன்று சார் அவள் காதில் சொன்னது இவ்வளவுதான்: “உன் பிறந்தநாளுக்குத்தாம்மா அது. நான் எப்பக் கேட்டாலும் ஐம்பத்தெட்டுன்னுதானே சொல்லுவ? வா, அந்த மெஷின்ல ஒரு தடவை ஏறி நின்னு காட்டு, எல்லார் வாயையும் அடைச்சிடலாம்.”